வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும் மலை

மட்டக்களப்பில் இருந்து ஹோட்டன் சமவெளிக்குப் போய்வந்தவர்களிடம் "உலக முடிவு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் கண் விரியச் சொல்வார்கள்: காலடியில் நிலம் அப்படியே அறுந்து போகிறது, கீழே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் தெரிகின்றன, தூரத்தில் உடவளவைக் குளம் மினுங்குகிறது. வேறு சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஒண்டும் தெரியல்ல. ஒரே வெள்ளைப் புகார். நடந்து கால் நொந்ததுதான் மிச்சம்." இரண்டு கூட்டத்தாரும் போனது ஒரே இடத்துக்கு. சிலவேளை ஒரே நாளில்கூட.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் பெரும் பங்கு, அன்று எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்கினோம் என்பதில் இருக்கிறது. ஏன் அப்படி என்று விளங்கிவிட்டால் மற்றத் திட்டமெல்லாம் தானாக வந்து பொருந்தும். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் இடம். ஹோட்டன் சமவெளி என்றால் கூரான மலையுச்சி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மலைகளின் தலையில் கிடக்கும் பரந்த வெளி. ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பு, கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீற்றருக்கு மேலே. நடுவில் புல்வெளி, மேடுகளிலும் ஓரங்களிலும் பாசி படர்ந்த குட்டை மரங்களின் காடு. சிங்களத்தில் மகா எலிய என்பார்கள். 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை வெள்ளைக்காரர் அதற்கு வைத்தார்கள். 1988 இல் தேசியப் பூங்காவானது. 2010 இல் சிவனொளிபாத மலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயரமான மலைகளான கிரிகல்பொத்தையும் தொட்டுபொல கந்தையும் இந்த வெளியின் ஓரத்தில்தான் நிற்கின்றன.

தெற்குப் பக்கத்தில் இந்த வெளி சரிந்து இறங்குவதில்லை. வெட்டியதுபோல் முடிகிறது. அந்த விளிம்புதான் உலக முடிவு. அங்கிருந்து கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். இந்தச் செங்குத்துச் சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் மையம் இதுதான்.

அடுத்தது குளிர். மேலே போகப்போக, ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் குறைகிறது. மட்டக்களப்பில் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை. 2,100 மீற்றர் ஏறினால் அதில் பதின்மூன்று, பதினான்கு பாகை கழிந்துவிடும். மிஞ்சுவது பதின்மூன்று பாகை அளவு, அங்கே உள்ள சராசரியும் அதுதான். கணக்கு அவ்வளவு நேராகப் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. இது சராசரி என்பதை மறக்க வேண்டாம். தை, மாசியில் வானம் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டுவிடும். விடியற்காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். மார்கழி வாடைக்கே போர்வை தேடும் நமக்கு அது வேறொரு உலகம்.

இனி எல்லோரும் தவறும் இடத்துக்கு வருவோம்.

தை, மாசியில் நம் ஊர் விடியலை நினைத்துப் பாருங்கள். படுவான்கரை வயல்களின் மேல் மூட்டம் தாழக் கிடக்கும். வாவிக்கு அந்தப் பக்கத்துத் தென்னைகள் மறைந்திருக்கும், எதிரே வரும் சைக்கிள்காரர் கிட்ட வந்த பிறகுதான் தெரிவார். ஏழரை, எட்டு மணிக்கு வெயில் ஏறும், மூட்டம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பிறந்ததில் இருந்து இதைத்தான் பார்க்கிறோம். ஆகவே மூட்டம் என்றால் இரவின் மிச்சம், வெயில் வந்தால் விலகும் என்ற கணக்கு நம் உடம்பிலேயே ஊறிவிட்டது.

அந்தக் கணக்கோடு மலைக்குப் போகிறோம். தங்கிய இடத்தில் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் சொல்வார்: "விடியச் சாமத்தில பிள்ளையள எழுப்பாதகா. குளிருக்குள்ள என்னத்தப் பாக்கிற? வெயில் ஏறட்டும், பனி விலகினாப் பிறகு போவம்." அன்போடு சொல்வது, நம் ஊருக்கு முழுக்கச் சரியானதும்கூட. எல்லோரும் எழும்பிக் குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கிறோம். பத்தரை, பதினொன்றுக்கு விளிம்புக்கு வருகிறோம். முன்னால் வெள்ளைச் சுவர். சரி, இன்னும் கொஞ்சம் வெயில் ஏறினால் விலகும் என்று காத்திருக்கிறோம். அது விலகாமல் இன்னும் தடிக்கிறது.

மலை விளிம்பில் காரியம் தலைகீழ். அங்கே விடியற்காலைதான் பெரும்பாலும் தெளிவு, வெயில் ஏற ஏறத்தான் மூட்டம். காரணத்தைப் பார்ப்போம்.

நம் வயல்வெளி மூட்டம் பிறப்பது நிலத்தின் குளிரால். காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, அதில் இருந்த நீராவி நுண்ணிய துளிகளாகிறது. காலை வெயில் நிலத்தைச் சுடவைத்ததும் துளிகள் திரும்ப ஆவியாகிவிடுகின்றன. அதனால் வெயில் அந்த மூட்டத்துக்குப் பகை.

உலக முடிவின் மூட்டம் பிறப்பது ஏற்றத்தால். இரவில் மலையின் மேல் குளிர்ந்த காற்று கனத்துப் போய்ச் சரிவு வழியே கீழே வடிகிறது. வடியும் காற்றில் முகில் உண்டாவதில்லை, ஆகவே விடியும்போது விளிம்பு தெளிந்து கிடக்கும். சூரியன் எழும்பிக் கீழே உள்ள பள்ளத்தாக்கையும் சரிவையும் சுடவைக்கத் தொடங்கியதும் ஓட்டம் திரும்புகிறது. சூடான, ஈரமுள்ள காற்று அந்தச் செங்குத்துச் சுவரைத் தடவிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரியும், விரியும் காற்று குளிரும். ஓர் உயரத்தில் அதற்குள் இருக்கும் நீராவி தாங்க முடியாமல் துளியாகிறது. கீழே இருந்து பார்ப்பவருக்கு அது மலையில் தங்கிய முகில், விளிம்பில் நிற்கும் நமக்குப் புகார்.

பிட்டு அவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் தண்ணீர் இருக்கிறது, குழலும் வைத்தாயிற்று. அடுப்பு மூட்டும்வரை குழலின் வாயில் ஒன்றும் கிடையாது. அடுப்பை மூட்டிக் கொஞ்ச நேரம் போனால் குழலின் வாயில் வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. பள்ளத்தாக்குதான் அந்தப் பானை, சூரியன்தான் அடுப்பு, உலக முடிவின் விளிம்பு குழலின் வாய். ஒன்பது மணிக்குப் பிறகு போகும் நாம், குழலின் வாயில் நின்றுகொண்டு, அடுப்பு இன்னும் கொஞ்சம் எரிந்தால் ஆவி அடங்கும் என்று காத்திருக்கிறோம்.

நம் ஊர்க் கடற்கரைக்கு இந்தக் காற்றோட்டம் புதிதல்ல. கல்லடியிலோ காத்தான்குடியிலோ பிற்பகலில் கடலில் இருந்து கரைக்குக் காற்று வரும். இரவு போய் விடியும் நேரத்தில் கரையில் இருந்து கடலுக்குப் போகும். பகலில் நிலம் சுடுவதும் இரவில் ஆறுவதும்தான் இரண்டுக்கும் காரணம். அங்கே கடலும் கரையும், இங்கே பள்ளமும் விளிம்பும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் முடிவு: ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு முன் விளிம்பைப் பார்த்துவிட வேண்டும். சில நாட்களில் பத்து மணி வரையும் தெளிவு தாக்குப்பிடிக்கும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இந்த ஒரு முடிவே நம் வழக்கமான பயண முறையை மாற்றிவிடும். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேன் பிடித்து, இரவுச் சாப்பாட்டை முடித்து, பத்து மணிக்குப் பாட்டைப் போட்டுக்கொண்டு புறப்படுவது. விடியும்போது மலைநாட்டில் எங்காவது முகம் கழுவுவது. ஒரு நாள் வாடகையும் ஓர் இரவு அறைக் காசும் மிச்சம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பூங்காவுக்கு அது பொருந்தாது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில், சாரதி களைப்பில், யாரோ ஒருவர் வளைவுகளில் வாந்தி எடுத்த நிலையில், சரியாக மூட்டம் ஏறும் நேரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். இரவில் மகாஓயாப் பக்கம் யானை வீதியைக் கடக்கும் பயம் வேறு. பகலில் போவோம், அங்கே தூங்குவோம், விடிய எழும்புவோம். இரண்டு இரவு, மூன்று பகல். அதற்குக் குறைத்தால் யாராவது ஒருவர் துன்பப்படுவார்.

வழி மிக எளிது. செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பும் பதுளை வீதியை நாம் தினமும் பார்க்கிறோம். அது ஏ5 நெடுஞ்சாலை. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளையைத் தொட்டு, அதே வீதியாகவே வெலிமடை, ஹக்கலை, நுவரெலியா வழியாகப் பேராதனையில் போய் முடிகிறது. நம் வீட்டு வாசலில் தொடங்கும் வீதி நுவரெலியாவின் நடுவால் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர்.

இந்தக் கிலோமீற்றரை நம் சமவெளிக் கணக்கில் அளக்கக் கூடாது. மகாஓயா வரைக்கும் நேரான வீதி, வேன் பறக்கும். லுணுகலைக்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. பதுளை 680 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். ஓய்வோடு போனால் ஒரு முழுப் பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாடு பதுளையில், மாலைத் தேத்தண்ணி நுவரெலியாவில். வளைவுகள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் காலையில் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். முன் ஆசனத்தில் இருத்தி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிக்குடி, கல்லாறுப் பக்கத்தார் அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாகவும் ஏறலாம்.

ரயிலில் போக முடியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மட்டக்களப்பு ரயில் பொலன்னறுவை வழியாகக் கொழும்பை நோக்கிப் போவது, மலைக்குப் போவதற்கு அது பெரிய சுற்று. பஸ்ஸில் பதுளைக்குப் போய் அங்கிருந்து மலைநாட்டு ரயிலில் ஓஹியாவில் இறங்கலாம். அதற்கு அடுத்த நிலையமான பட்டிப்பொலதான், 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். ஆனால் 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையையும் வீதிகளையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதி ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்று புறப்படுவதற்கு முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். நுவரெலியாவில் தங்கினால் அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர். இருட்டில் மெதுவாகத்தான் போக முடியும், ஆகவே நாலரை, ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் தங்கினால் போரலந்த வழியாக ஓஹியா வாசல். அந்தப் பாதை ஒடுங்கியது, செங்குத்தானது. மலையில் ஓட்டிப் பழகாத சாரதி என்றால் பட்டிப்பொலப் பக்கமே நல்லது. வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் கூட வந்தால் ஒரு விஷயம்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் நம்முடையதைவிடப் பல மடங்கு. வாசலில் நின்று முகம் சுருங்காமல், வீட்டிலேயே பேசிக்கொள்வது எல்லோருக்கும் மரியாதை.

எந்த மாதம் போவது? இங்கே நம் கச்சானிடம் கொஞ்சம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

வைகாசியில் இருந்து ஆவணி வரை மட்டக்களப்பில் கச்சான் வீசும். மேற்கில் இருந்து வரும் அந்தக் காற்று, உதடு வெடிக்க, தோல் காய, வாவிக்கரைப் புல்லைச் சருகாக்கிவிட்டுப் போகும். வானத்தில் மேகமே இருக்காது. வானம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, ஓகஸ்ட் விடுமுறையும் வருகிறதே, மலைக்குப் போவோம் என்று தோன்றும். அந்தக் காற்று நம்மிடம் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அது தென்மேற்குப் பருவக்காற்று. இந்து சமுத்திரத்தில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, நீராவி மழையாகி, ஹற்றன், நுவரெலியாப் பக்கம் கொட்டுகிறது. நீராவி துளியாகும்போது தன்னிடம் இருந்த வெப்பத்தைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது. மழையை இழந்து வெப்பத்தை வாங்கிக்கொண்ட காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. ஏறும் காற்று குளிர்வதுபோல இறங்கும் காற்று நெருங்கிச் சூடாகும். பிபிலை, மகாஓயா தாண்டி நம் முற்றத்துக்கு வரும்போது அது வறண்ட அனல். ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இதே வகைக் காற்று வீசுகிறது, அங்குள்ளவர்கள் அதை ஃபோன் என்கிறார்கள்.

அதாவது கச்சான் நம்மைச் சுடுகிற அதே நேரத்தில், அதே காற்று ஹோட்டன் சமவெளியில் மழையும் புகாரும் கூதலுமாக அடித்துக்கொண்டிருக்கும். விளிம்பில் நிற்க முடியாத அளவுக்கு வேகமும் இருக்கும். இங்கே வானம் தெளிந்திருப்பது அங்கே தெளிவு என்பதற்குச் சாட்சி அல்ல. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை நமக்கும் மழை, மலைக்கும் மழை. சித்திரையில் காலை தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடிமழை வரும். புத்தாண்டுக் காலத்தில் நுவரெலியா வசந்த விழாக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, வாகனம் நிறுத்த இடமும் கிடைக்காது. மிஞ்சுவது தைப்பொங்கலுக்குப் பிறகு பங்குனி வரைக்குமான காலம். என்னைக் கேட்டால் மாசிதான். இரவு கடுங்குளிர் என்றாலும் விடியல் தெளிவு. வெள்ளாமை வெட்டுக்கு ஆள் வேண்டுமே என்பார்கள் படுவான்கரை வீட்டார், அது நியாயம்தான். அவர்களுக்குப் பங்குனி. எந்த மாதமானாலும் போயா நாளையும் நீண்ட வார இறுதியையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நடை. வாகனம் போவது ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதிக் கட்டடம் வரைக்கும், அது இப்போது பார்வையாளர் நிலையம். அங்கிருந்து காலால்தான். சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர், பிள்ளைகளோடு நான்கு மணித்தியாலம் என்று வையுங்கள். சற்றுத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று உலக முடிவுக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வரலாம் என்பதால் கூட்டம் போகும் பக்கம் போய்விடுகிறோம். பிட்டுப் பானையை நினையுங்கள்: அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. முதலில் உலக முடிவுப் பக்கம். சிறிய உலக முடிவு முன்னால் வரும், அங்கே அதிக நேரம் நின்றுவிடாமல் பெரியதற்குப் போய்விடுங்கள். நீர்வீழ்ச்சிக்கு அவசரமில்லை, அது புகாருக்குள்ளும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தெளிவாக இருக்கும்போது பள்ளம் தெரியும், பயமும் வரும். மூட்டம் ஏறிய பிறகு பள்ளம் தெரியாது, அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். படம் எடுக்கப் பின்னுக்குக் காலடி வைக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

எல்லோரும் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2,100 மீற்றரில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். நல்ல உடம்புக்காரருக்கு இது நோய் தராது, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. அம்மம்மாவும் கைக்குழந்தைக்காரியும் ஃபார் இன் பக்கத்தில் இருந்துகொண்டாலே பார்க்க நிறைய உண்டு. வாகனத் தரிப்பிடத்துக்கே மரைகள் வந்து நிற்கும், சடைத்த கழுத்தும் ஈர மூக்குமாக, மாடு அளவுக்கு. பிஸ்கட் நீட்டாதீர்கள், நீட்டும் மற்றவர்களையும் தடுங்கள். மனிதக் கையை எதிர்பார்த்துப் பழகிய காட்டு விலங்கு, பையோடும் பொலித்தீனோடும் சேர்த்துத் தின்னப் பழகிவிடும்.

பொலித்தீன் உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை, பையைத் திறந்து பார்ப்பார்கள். லஞ்ச் சீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சலும் பளபளக்கும் பக்கெற்றுகளும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வாழையிலையில் கட்டி, மேலே கடதாசி சுற்றி, துணிப்பையில் எடுத்துப் போங்கள். நம் வீட்டு வழக்கம்தானே அது. தண்ணீர், வாழைப்பழம், அவித்த முட்டை, இஞ்சி போட்ட பிளேன்டீ ஒரு பிளாஸ்க் நிறைய. தேத்தண்ணியை வீட்டிலோ விடுதியிலோ போட்டு எடுத்துப் போவதுதான் ருசி. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும், சாயம் இறங்கச் சுணங்கும்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த ஜக்கெற் ஒன்றைவிட, மெல்லியவை இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்று. ஆறு மணிக்கு நடுங்குவீர்கள், ஒன்பது மணிக்கு வியர்க்கும், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். காதை மூடும் தொப்பி, காலுறை, பிடிமானமுள்ள சப்பாத்து. பாதையில் கல்லும் சேறும் மாறி மாறி வரும், செருப்பு உதவாது. காற்றில் குடை புரண்டுவிடும், மழை அங்கி கொண்டுபோங்கள். இன்னொன்று, குளிரில் வெயில் சுடாது என்று நினைத்துவிடுவோம். உயரத்தில் காற்று மெல்லியதால் சூரியனின் புற ஊதாக் கதிர் கூடுதலாகவே இறங்கும். வெயில் தெரியாமலே பிள்ளைகளின் கன்னம் எரிந்துபோகும்.

விளிம்பைப் பார்த்தாயிற்று, மூட்டமும் ஏறிவிட்டது. இனி அந்த மூட்டத்தையே பார்க்கலாம். நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழியில் காட்டுக்குள் நுழையும்போது மரங்களைக் கிட்ட நின்று பாருங்கள். வளைந்து நெளிந்த தண்டு முழுக்கப் பாசி, பாசியின் நுனியிலெல்லாம் துளி. மழை பெய்யவில்லை, ஆனாலும் கிளையில் இருந்து சொட்டுகிறது. காற்றோடு போகும் புகாரின் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் மோதித் தங்கி, சேர்ந்து, கனத்து விழுகின்றன. மழைமானிக்குள் விழாத மழை இது. இந்தக் காட்டை வெட்டினால் அந்தத் தண்ணீர் காற்றோடு போய்விடும். காட்டுக்கு முகில் காடு என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

இப்படிச் சொட்டிய தண்ணீர் போகும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் இந்த வெளியில் இருந்து போகிறது. பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுவது பெலிஹுல் ஓயா, அது வளவையோடு சேர்ந்து தென்கடலுக்குப் போகும். வெளியின் மறுபக்கத்து ஓடைகள் அக்ரா ஓயா, கொத்மலை ஓயா என்று சேர்ந்து மகாவலியாகும். மகாவலியின் ஒரு கிளைதான் நம் வாகரைக்கு அப்பால் கடலில் சேரும் வெருகல் ஆறு. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது ஆற்றில் இறங்கிக் கால் நனைக்கிறோமே, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பாசி நுனியில் தொடங்கியது.

நீர்வீழ்ச்சியின் பெயருக்குரிய சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய வெள்ளைக்காரர், பெரிய வேட்டைக்காரர். அவரும் அவர் காலத்தவர்களும் துப்பாக்கியோடு திரிந்த அந்த நூற்றாண்டுக்கு முன் இந்த வெளியில் யானைகளும் இருந்தன. இன்று இங்கே ஒன்றுகூட இல்லை. மரையும், மரையைத் தேடும் சிறுத்தையும், மந்தியும், மூக்கில் கொம்புள்ள ஒரு சின்ன ஓணான் வகையும் எஞ்சியிருக்கின்றன. அந்தக் கொம்புள்ளது இலங்கையைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. பாதையோரச் செடிகளில் மெதுவாகத் தேடினால் பிள்ளைகளின் கண்ணுக்கு முதலில் படும்.

பதினொரு மணிக்கு வாகனத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். அன்று பிற்பகலுக்கு அம்பேவெல பால் பண்ணையோ ஹக்கலைப் பூங்காவோ சீதா எலிய சீதை அம்மன் கோயிலோ ஒன்று போதும், மூன்றையும் திணிக்க வேண்டாம். பிள்ளைகள் நாலரைக்கு எழும்பியவர்கள், இரவு எட்டு மணிக்கே தூங்கட்டும்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நுவரெலியாவை விட்டால் பதினொன்றுக்கு முன்பின்னாகப் பதுளை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு இறங்கி ஏற ஆசைப்படுபவர்கள் இருந்தால் அங்கே ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கொடுக்கலாம். 64 மீற்றர் உயரத்தில் இருந்து விழுவது, தை, மாசியில் தண்ணீரும் நிறைய. ஆனால் அந்த நேரத்தைப் பசறையிலோ பிபிலையிலோ சாப்பாட்டில் சுருக்கிப் பிடித்துவிடுங்கள். மகாஓயாவை மாலை நாலரைக்குள் தாண்டிவிட வேண்டும். புல்லுமலைக் காட்டோரத்தில் பொழுது சாயும்போது யானைகள் வீதிக்கு வரும் நேரம் அது. வழியில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்கச் சொல்லிச் சாரதியிடம் புறப்படும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.